தெருவுக்குப் பொறுப்பாளி யார்?

திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதி மக்கள், வரவிருக்கும் மாநகராட்சித் தேர்தலில் எக்கட்சியின் சின்னத்தையும் நாடாமல் தம்முள் ஒருவரைத் தம் வார்டுக்கு நிறுத்த வேண்டும் என்றும், அவருக்கு நம்மவரும் துணை நிற்க வேண்டும் என்றும் நாம் சில இடங்களில் பேசினோம். பேசிய இடமெல்லாம் மறுப்பு எழுந்தது. மறுப்பு எழுவது நன்றே. மறுப்பில்லாத இடத்தில் பேச்சு வெறும் உபசாரமாகிவிடும். ஆயினும் எழுந்தவற்றுள் ஒன்று மார்க்கத்தின் பெயரால் எழுந்தது. அதைச் சொன்னவர் கல்வியறிவு மிக்க நண்பர். ஆகவே அதற்கு விடை கூறாமல் வாளா இருத்தல் முறையன்று எனக் கருதுகிறோம்.

நண்பர் கூறியது இது: பதவியைக் கேட்டுப் பெறுதல் ஆகாது என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள்; தேர்தலில் நிற்பது பதவி கேட்பதே; ஆகவே நல்லவர் எவரும் தேர்தலில் நிற்கலாகாது; நின்றவரை ஆதரித்தலும் ஆகாது.

அந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம் பெற்றது. அதன் வலிமையைப் பற்றி வழக்கில்லை. வழக்கெல்லாம் அதை எங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது என்பதில்தான். திருமறையின் யூசுஃப் அத்தியாயத்தை ஓதாதவர் நம்முள் யார்? எகிப்து மன்னனிடம் நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு கேட்டவர் ஒரு நபி. கேட்டதோடு நில்லாமல், தம் தகுதிகள் இரண்டையும் எடுத்துரைத்தார்: ஒன்று காக்கும் திறன், மற்றொன்று அறிவு. பஞ்சம் வரவிருப்பதை அறிந்தவர். தானியத்தைக் காக்கும் வழியும் தெரிந்தவர். அத்தகையவர் வாய்மூடி இருப்பாராயின் மக்கள் பட்டினியால் மடிவர். தமக்குத் தகுதி இருந்து, தாம் விலகினால் பொறுப்பு பாழாகும் என்ற நிலையில் கேட்பது குற்றமன்று என்று விரிவுரையாளர்கள் இவ்விடத்தே விளக்குவது இதனால்தான். இன்னொன்றையும் நண்பர் கவனிக்க வேண்டும். அம்மன்னன் யூசுஃப் நபியின் மார்க்கத்தவன் அல்லன்; அந்நாட்டு மக்களும் அல்லர். கேட்ட பொறுப்போ படைத்தலைமையன்று, கருவூலத்துப் பொன்னும் அன்று. வயிற்றுக்குச் சோறு போகும் வழி அது.

இனி, பதவி கேட்பவர் உண்மையில் யார் என்று பார்ப்போம். கட்சி அலுவலகத்தில் கட்டணம் கட்டி விருப்ப மனு வாங்கி, நேர்காணலுக்கு வரிசையில் நின்று, மாவட்டச் செயலாளர் வீட்டு வாயிலில் காலையும் மாலையும் காத்துக் கிடந்து, 'இந்த முறையாவது எனக்குத் தாருங்கள்' என்று இறைஞ்சுகிறாரே, அவரல்லரோ கேட்பவர்! ஹதீஸின் கூர்முனை முதலில் தைக்க வேண்டிய இடம் அது. தெருவார் கூடி ஒருவரைக் குறித்து, 'ஐயா, தாங்கள் நில்லுங்கள்' என வற்புறுத்தி நிறுத்துவாராயின், அங்கே கேட்டவர்கள் மக்கள், இசைந்தவரே வேட்பாளர். நம் நண்பரோ அந்தக் கட்சிக்காரருக்குப் பொன்னாடை போர்த்த மேடையேறியவர். அப்போது இந்த ஹதீஸ் அவர் நினைவுக்கு வரவில்லை போலும்.

இவ்வளவு பேசும் அளவுக்கு அப்பகுதியில் என்னதான் இருக்கிறது என வெளியூர் நேயர்கள் கேட்கலாம்.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், வேங்கடராமன் என்ற பதினாறு வயது இளைஞர் மதுரையிலிருந்து புறப்பட்டு அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். மலைக் குகைகளில் பல்லாண்டு வாழ்ந்து, 1922இல் தம் அன்னையார் மறைந்த பிறகு, அவர் அடக்கமான இடத்தை ஒட்டி மலையின் தென் அடிவாரத்திலேயே தங்கலானார். அன்று அங்கே இருந்தது கீற்றுக் கொட்டகை. 1934இல் பால் பிரண்டன் எழுதிய நூல் மேனாட்டாரை அங்கே ஈர்த்தது. 1950 ஏப்ரல் 14இல் ரமணர் மறைந்தார். வருவோர் தொகை குறையவில்லை, பெருகிற்று. இன்று செங்கம் சாலையின் இருமருங்கும் விடுதிகள், உணவகங்கள், துணிக்கடைகள், வீட்டுமனை விற்பனையாளர் பலகைகள். ஆசிரமத்திலிருந்து மேற்கே சற்று நடந்தால் ஊராட்சிகளின் நிலம் தொடங்கும் என்பதே நேற்று வரை இருந்த நிலை. 2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சியாயிற்று. மலையைச் சுற்றிய வேங்கிக்கால், அடி அண்ணாமலை போன்ற ஊராட்சிகளை அதனோடு இணைக்கும் ஏற்பாடும் தொடர்ந்து வந்தது.

இப்பகுதியின் விந்தை யாதெனில், இங்கே நற்பணி செய்வோர் பலருக்கு வாக்கில்லை. வாக்குள்ளோர் பலரை நற்பணிக்கு யாரும் அழைப்பதில்லை. கார்த்திகை முதல் மாசி வரை வந்து தங்கும் வெளிநாட்டார் வாக்காளர் அல்லர். சென்னையிலும் ஐதராபாத்திலும் வாக்கு வைத்துக்கொண்டு இங்கே வீடு வாங்கியவர்களும் இவ்வார்டின் வாக்காளர் அல்லர். மரம் நடும் கூட்டத்திலும் நெகிழி ஒழிப்புக் கூட்டத்திலும் முன்வரிசையில் அமர்பவர்கள் இவர்களே. அவர்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்மணி, விடுதிக்குப் பால் ஊற்றுபவர், ஆட்டோ ஓட்டுபவர், ஆசிரம வாயிலில் பூக்கட்டுபவர், செங்கம் சாலையில் பழக்கடை வைத்திருக்கும் நம்மவர் ஆகியோரே வாக்குரிமை உடையோர். கூட்டம் நடப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அங்கே பேசப்படுவது ஆங்கிலம். இவ்விரு சாராரையும் ஒரே திண்ணையில் அமர்த்தாத 'மக்கள் இயக்கம்' எதுவும் அப்பெயருக்கு உரியதன்று.

வாக்கில்லாதவர் ஆற்றிய தொண்டை நாம் இகழவில்லை. மொட்டையாகிக் கிடந்த மலையின் மீது 1980களின் இறுதியிலிருந்து மரம் வளர்க்கும் முயற்சி நடந்து வருகிறது. 'தி ஃபாரஸ்ட் வே' என்னும் அறக்கட்டளை நாற்றங்கால் வைத்தும், கோடையில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டியும், காட்டுத்தீ எழுந்தால் ஓடிச்சென்று அணைத்தும் பல்லாண்டுகளாக உழைக்கிறது. அவர்கள் நடத்தும் மருதம் பண்ணைப் பள்ளியில் உள்ளூர்ப் பிள்ளைகளும் பிறநாட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகப் பயில்கின்றனர். ஆயினும் அறக்கட்டளை மரம் நடலாம். மழைநீர் வடிகாலுக்குத் தீர்மானம் இயற்ற அதனால் முடியாது. துப்புரவுப் பணியாளருக்கு உரிய நாளில் ஊதியம் தரச் செய்யவும் முடியாது. ஒப்பந்தக்காரர் போட்ட சாலையின் கனத்தை அளந்து கேள்வி கேட்கும் உரிமை மன்ற உறுப்பினருக்கே உண்டு.

'நம் வேலை தொழுகையும் கல்வியும். சாக்கடை அரசாங்கத்தின் வேலை' என்பாரும் நம்மிடையே உண்டு. இவர்கள் மாவர்தீயைப் படிக்கட்டும். ஹிஜ்ரி 450இல், அதாவது 1058இல் மறைந்த அப்பேரறிஞர் பக்தாதில் உயர்ந்த நீதிபதிப் பதவி வகித்தவர். 'அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் அவருடைய ஆட்சியியல் நூலில் ஹிஸ்பா பற்றிய பகுதி நம் மதரஸாக்களில் விரிவாகப் பயிற்றப்படாதது பெருங்குறையே. ஓர் ஊரின் நீர்வழி பாழ்பட்டாலோ, மதில் இடிந்தாலோ, முஹ்தஸிப் என்னும் அதிகாரி என் செய்ய வேண்டும் என்று அவர் ஆராய்கிறார். பொதுக் கருவூலத்தில் பணம் இருக்குமாயின் அதைக் கொண்டு சீர்செய்ய வேண்டும். கருவூலம் வறிதாயின் அக்கடமை அவ்வூரின் வசதி படைத்தோர் அனைவர் மீதும் விழுகிறது. குறிப்பிட்ட ஒருவர் மீதன்று, எல்லோர் மீதும். யாரேனும் முன்வந்து செய்துவிட்டால் ஏனையோர் பொறுப்பு நீங்கும். ஒருவரும் செய்யாவிடில் பழி அனைவரையும் சாரும். பர்ளு கிஃபாயா என்று ஜனாஸாத் தொழுகைக்கு நாம் கற்பிக்கும் அதே இலக்கணம், ஊரின் வாய்க்காலுக்கும் பொருந்துவதைக் காண்க. மாவர்தீ ஷாபிஈ மத்ஹபினர், வடாற்காட்டுப் பகுதியில் பெரும்பாலோர் ஹனஃபிகள் என்று யாரும் தப்ப முயல வேண்டா. சாக்கடை நாற்றத்திற்கு மத்ஹப் இல்லை.

நம் தமிழ்ப் புலவர்களும் இதை அறிந்தவர்களே. உமறுப்புலவர் சீறாப்புராணத்தைத் தொடங்குகையில் நாட்டுப் படலத்தையும் நகரப் படலத்தையும் பாடிய பிறகே வரலாற்றுக்குள் புகுகிறார். அரபு மண்ணைத் தமிழ் மருதமாக்கி நீர்வளம் பாயவிட்ட அப்பெருமகனார் இன்று நம் தெருக்களைக் கண்டால் எந்த வளத்தைப் பாடுவாரோ!

வெறும் நாற்றத்தோடு இது முடிவதில்லை என்பதற்கு 2024 டிசம்பர் முதல் நாள் சான்று. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மீது பாறையும் மண்ணும் சரிந்தன. எழுவர் மாண்டனர், அவர்களுள் ஐவர் சிறார். அதன்பின் மலையின் ஆக்கிரமிப்புகளைப் பற்றி உயர்நீதிமன்றம் வரை பேசப்பட்டது. பேசட்டும். ஆனால் மலைச்சரிவில் வீடு கட்டியவன் அழகிய காட்சி வேண்டிக் கட்டியவன் அல்லன். சமதளத்து மனை விலை அவனை மேலே தள்ளிற்று. அவ்விலையை ஏற்றியவர்கள் யார் என்பதை ரமணாசிரமப் பகுதியின் வீட்டுமனைப் பலகைகளே கூறும். எந்தச் சரிவில் எத்தனை குடும்பம், எந்த ஓடை மண்மூடிக் கிடக்கிறது, மழைநாளில் முதலில் எவரை எழுப்ப வேண்டும் என்பதைத் தலைநகரத்து அதிகாரி அறிய மாட்டார். அத்தெருவில் பிறந்து வளர்ந்த உறுப்பினர் அறிவார், அறிய விரும்புபவராயின்.

கிரிவலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திங்கள்தோறும் முழுமதி நாளில் 14 கிலோமீட்டர்ப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். ஆசிரமம் அப்பாதையிலேயே உள்ளது. மறுநாள் காலை தட்டும் குவளையும் பாதையோரமெங்கும் கிடக்கும். அவற்றைக் கையால் பொறுக்குபவர் யார், அவருக்குக் கையுறை உண்டா, அவர் நாட்கூலியா ஒப்பந்தக் கூலியா என்று மன்றத்தில் கேட்க ஒரு குரல் வேண்டும். பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவது பற்றிய ஹதீஸை நம் மக்தப் பிள்ளைகள் மழலை மாறாத வயதிலேயே மனனம் செய்கின்றனர். பெரியவர்கள் அதை முள்ளோடும் கல்லோடும் நிறுத்திக்கொண்டனர்.

இங்கேதான் அடுத்த மறுப்பு வருகிறது. 'கோயில் நகரம், கிரிவலப் பாதை, முனிவர் ஆசிரமம். இதில் முஸ்லிமுக்கு என்ன வேலை? ஒதுங்கி இருப்பதே பாதுகாப்பு' என்கின்றனர். அச்சத்தை விவேகம் என்று பெயரிட்டு அழைப்பது நம்மவரிடையே வளர்ந்துவரும் நோய். 2011 கணக்கெடுப்பில் இந்நகரின் மக்கள் தொகை 1,45,278; அவர்களுள் ஏறத்தாழ ஏழில் ஒருவர் முஸ்லிம். நாம் இவ்வூரின் விருந்தினர் அல்லோம். அதே குழாயின் நீரைக் குடிக்கிறோம், அதே வரியைக் கட்டுகிறோம்.

ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை இவர்கள் மறந்தனரோ? யமன் நாட்டு வணிகர் ஒருவர் மக்காவில் சரக்கு விற்றார். வாங்கிய குறைஷிப் பெருந்தலை பணம் தர மறுத்தது. அவருக்கோ அங்கே குலத்துணை இல்லை. அப்போது அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவர் இல்லத்தில் சில குலத்தார் கூடி, அநீதிக்குள்ளானவன் எக்குலத்தவனாயினும் எவ்வூரானாயினும் அவன் பக்கம் நிற்போம் எனச் சூளுரைத்தனர். நபித்துவத்திற்கு முந்திய காலம். கூடியவர்கள் சிலை வணங்கிகள். அக்கூட்டத்தில் இளைஞராக இருந்த அண்ணலார் (ஸல்), பின்னாளில் நபியாகிய பிறகும் அவ்வுடன்படிக்கையைப் பெருமையோடு நினைவுகூர்ந்து, இஸ்லாத்திலும் அத்தகையதற்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்னும் கருத்தை வெளியிட்டார்கள். மாற்றுச் சமயத்தார் வீட்டில் கூடிய ஒரு குடிமை உடன்பாட்டுக்கு இதைவிட மேலான சான்று வேண்டுமா? ரமணாசிரமப் பகுதியில் முஸ்லிம் வாக்குகளை எண்ணிப் பார்த்து முஸ்லிம் வேட்பாளரை நிறுத்துவதில் பொருளில்லை. நாம் அதைக் கேட்கவும் இல்லை. அங்கே பூக்கட்டும் பெண்மணி நிற்கட்டும். அவருக்காகப் பழக்கடைக்காரர் வீடுவீடாகச் செல்லட்டும்.

'பெண்மணி' என்றதும் புருவம் உயர்த்துவோர் இருப்பர். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்பது தமிழ்நாட்டில் சட்டமாகிப் பத்தாண்டு ஆகிறது. மதீனத்துக் கடைத்தெருவின் மேற்பார்வையில் ஷிஃபா (ரலி) அம்மையாருக்கு உமர் (ரலி) பங்களித்ததாக வரலாற்றாசிரியர் சிலர் எழுதியிருக்கின்றனர். நம்மவரோ மனைவியின் பெயரை வேட்புமனுவில் எழுதி, கணவர் படத்தைச் சுவரொட்டியில் போடுகின்றனர். வென்ற பிறகு மன்றக் கூட்டத்திற்கு அம்மையார் செல்வார். கையெழுத்து எங்கே போடுவது என்பதை வாயிலில் நிற்கும் கணவர் சொல்லுவார். இது பெண்ணுக்கும் இழுக்கு, ஆணுக்கும் இழுக்கு.

ஜமாஅத் முடிவு என்றொரு பேச்சும் உண்டு. 2011இல் காயல்பட்டினத்தில் நடந்ததை அந்த முத்தவல்லிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். நகராட்சித் தலைவர் பதவிக்கு ஐக்கியப் பேரவை ஒரு வேட்பாளரை ஆதரித்தது. அதை எதிர்த்து நின்ற ஆபிதா என்ற பெண்மணியை மக்கள் தேர்ந்தெடுத்தனர். முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊரிலேயே, பெரியோர் கூடி எடுத்த முடிவு வாக்குப் பெட்டிக்குள் செல்லவில்லை. அதற்குப் பின் நடந்ததிலும் ஒரு பாடம் உண்டு: தலைவர் வென்றார், ஆயினும் மன்ற உறுப்பினர் பலர் அவரோடு ஒத்துழைக்காமையால் ஐந்தாண்டும் பூசலிலேயே பெரும்பகுதி கழிந்தது. 2022 தேர்தலில் மேயரையும் தலைவரையும் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் முறை இருந்தது. ஆகவே தனியொரு நாற்காலியைக் குறிவைப்பவர்கள் வீண் வேலை செய்கின்றனர். வார்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

'சின்னம் இல்லாதவன் வென்றதுண்டா?' என்ற ஏளனத்திற்கு நீண்ட விடை வேண்டா. குத்தம்பாக்கத்து இளங்கோ அறிவியல் ஆய்வுப் பணியைத் துறந்து 1996இல் ஊராட்சித் தலைவராகி, கிராம சபையின் முன் கணக்கை விரித்து வைத்தே ஆட்சி நடத்தினார். 2001இல் மீண்டும் வென்றார். ஒரு தலித் குடும்பமும் ஒரு பிற சாதிக் குடும்பமும் ஒரு சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகளை அங்கே எழுப்பிக் காட்டினார். மறுபக்கம், கேரளத்தின் கிழக்கம்பலத்தில் 2015இல் 'ட்வென்டி ட்வென்டி' என்ற அமைப்பு 19 வார்டுகளுள் 17ஐக் கைப்பற்றியது. கட்சிகள் தோற்றன, உண்மை. ஆனால் அவ்வமைப்பின் பின்னே நின்றது ஓர் ஆடை நிறுவனத்தின் பணப்பெட்டி. கட்சியின் பிடியிலிருந்து முதலாளியின் பிடிக்கு மாறுவது புதுப்பித்தல் ஆகாது. செல்வமுள்ள பக்தர்கள் நிறைந்த ரமணாசிரமப் பகுதிக்கு இந்த எச்சரிக்கை மிகவும் வேண்டும். கொடையாளர் வடிகால் கட்டித் தர முன்வரலாம். வேட்பாளரை அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது.

பணக் கணக்கு எளியது. 2022இல் மாநகராட்சி உறுப்பினர் பதவிக்கு வைப்புத் தொகை 4,000 ரூபாய். பட்டியல் இனத்தாருக்கு 2,000. 2023 ஜூலை முதல் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என அரசு அறிவித்தது. ஐந்தாண்டுக்கு ஆறு இலட்சம். வாக்குக்கு இவ்வளவு என்று வீட்டுக்கு வீடு கொடுத்துப் பல இலட்சம் இறைப்பவர் மீதியை எங்கிருந்து எடுப்பார் என்பதைக் கேட்கக் கூச்சப்படுபவர், பணத்தை வாங்கும்போதும் கூச்சப்பட்டிருக்க வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் குடவோலையில் சேர்க்கலாகாது என விதித்தது. அச்சபை நிலமுடைய அந்தணர்க்கு மட்டும் உரியது. அதைப் பொற்காலம் எனப் புகழ நாம் வரவில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவனின் மைத்துனனும் நிற்க முடியாது என்ற அவ்விதி இன்று வருமாயின் பல மன்றங்களில் நாற்காலிகள் வெறுமையாக இருக்கும்.

இன்னொரு காரணத்தாலும் இது அவசரமானது. ஊராட்சியாக இருந்தவரை அம்மக்களுக்குக் கிராம சபை இருந்தது. ஆண்டுக்கு ஆறு முறை கூடித் தலைவரை நேருக்கு நேர் கேட்கலாம். நகர எல்லைக்குள் வந்தவுடன் அதுவும் போயிற்று, ஊரக வேலைத் திட்டமும் போயிற்று. அதற்கு ஈடாக நகரத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. 2022 நவம்பர் முதல் நாள் உள்ளாட்சி தினத்தன்று மாநிலமெங்கும் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. ஆனால் வார்டு குழுவின் தலைவர் மன்ற உறுப்பினரே. அவர் மனம் வைத்தால் சபை கூடும்; வையாவிட்டால் தாளில் கூடும். அடி அண்ணாமலை விவசாயி நேற்று வரை பெற்றிருந்த கேள்வி கேட்கும் உரிமை, இனி அந்த ஓர் உறுப்பினரின் மனநிலையைப் பொறுத்தது.

2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் நிறைவடைகிறது. வேட்புமனு நாளில் ஆள் தேடுவது கட்சிகளுக்குக் கைவந்த கலை. தெருவாருக்கு அது இயலாது. ஆகவே இப்போதே தெருவுக்கு இருவர் வீதம் அமர்ந்து, எந்தக் குழாயில் நீர் வரவில்லை, எந்த ஓடை மூடப்பட்டது, எந்த விடுதியின் கழிவு எங்கே போகிறது என்று தமிழில் எழுதி வைக்கட்டும். எழுதுவோர் நடுவிலிருந்தே வேட்பாளர் தோன்றுவார். நம் ஜமாஅத்துகளிடம் நாம் கேட்பது சிறிது. மிம்பரில் எந்த வேட்பாளரின் பெயரும் ஒலிக்க வேண்டா. 2025 நவம்பரில் தொடங்கிய தீவிரத் திருத்தத்தின் பின் நம் வீடுகளில் எத்தனை பெயர் வாக்காளர் பட்டியலில் நின்றன, எத்தனை விடுபட்டன என்று எண்ணி, அந்தப் பட்டியலைப் பள்ளிவாசல் முகப்பில் ஒட்டி வைக்கட்டும். விடுபட்ட பெயரைச் சேர்க்கும் படிவத்தை நிரப்பித் தர எழுதத் தெரிந்த இளைஞர் இருவரை அசருக்குப் பின் அங்கே அமர்த்தட்டும். அண்டை வீட்டுச் சகோதர சமயத்தார் வந்தாலும் அவர்களுக்கும் நிரப்பித் தரட்டும்.